ஜுவேனின் படையும் அவுருஞ்சி மலைக் கிராமங்களும், 1943–44: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படை?

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் பக்கம் நின்று இத்தாலியில் போரிட்ட பிரெஞ்சுப் படை. 1943 நவம்பர் கடைசியில் நேப்பிள்ஸில் வந்திறங்கத் தொடங்கியது. 1944 ஜூலை 3 அன்று சியன்னாவைப் பிடித்தது. அந்த மாதமே முன்னணியிலிருந்து விலக்கப்பட்டு, தென் பிரான்சில் ஆகஸ்ட் 15-ல் தொடங்கவிருந்த தரையிறக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. தளபதி அல்ஃபோன்ஸ் ஜுவேன், அல்ஜீரியாவின் போன் நகரில் (இன்றைய அன்னாபா) பிறந்தவர். முதல் உலகப் போரில் வலக்கை செயலிழந்துபோனதால் இடக்கையால் சல்யூட் அடிப்பார்.

பெயர்தான் பிரெஞ்சுப் படை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா நாட்டு முஸ்லிம்கள். மிச்சத்தில் பெரும்பகுதி வட ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த ஐரோப்பியர். 1944 மே மாதத்தில் மொத்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. தோதியின் 2-வது மொராக்கோ டிவிஷன், மோன்சபேரின் 3-வது அல்ஜீரிய டிவிஷன், செவேயின் 4-வது மொராக்கோ மலை டிவிஷன், ப்ரோசேயின் 1-வது சுதந்திர பிரெஞ்சு டிவிஷன் என நான்கு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கர், பசிபிக் தீவினர், அயல்நாட்டவரைச் சேர்த்து அமைத்த பிரெஞ்சுப் பிரிவான அயல்நாட்டு லெஜியன் எல்லாம் கடைசியாகச் சொன்னதில் இருந்தார்கள். இந்த நான்குக்கும் வெளியே, ஜெனரல் கிய்யோமின் கீழ், மொராக்கோ கூம்கள்.

துப்பாக்கி முதல் ஹெல்மெட் வரை பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாட்டில் பேசி முடித்த ஏற்பாடு அது. ஹெல்மெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமங்களைப் பற்றிச் சொல்லும்போது அது மறுபடி வரும்.

கூமியே யார்? தீராய்யரிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

தீராய்யர் என்பவர் பிரெஞ்சு ராணுவத்தின் முறையான காலாட்படைச் சிப்பாய். ரெஜிமென்ட் எண், சீருடை, பயிற்சி முகாம் எல்லாம் உண்டு. கூமியே அப்படியல்ல. 1908-ல் மொராக்கோவின் ஷாவியா பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய துணைப்படையைச் சேர்ந்தவர். பெரும்பாலும் அட்லஸ் மலை பெர்பர் குடிகளிலிருந்து வந்தவர். ஏட்டளவில் சுல்தானின் ஆள், நடைமுறையில் பிரெஞ்சு அதிகாரியின் கீழ். 1940-ல் பிரான்ஸ் தோற்றுச் செய்துகொண்ட போர்நிறுத்தத்துக்குப் பின் ஜெர்மனி–இத்தாலி கண்காணிப்புக் குழுவின் கண்ணில் மண்ணைத் தூவ, இவர்களை உள்ளூர்க் காவல் படை என்று கணக்குக் காட்டி வைத்திருந்தார்கள்.

அளவு இப்படி: ஒரு கூம் சுமார் 200 பேர். மூன்று நான்கு கூம் சேர்ந்தால் ஒரு தாபோர், அதாவது பட்டாலியன் அளவு. மூன்று தாபோர் சேர்ந்தால் ஒரு குழுமம், சுமார் 3,000 பேர். 1944 மே தாக்குதலில் 1, 3, 4 எண் கொண்ட மூன்று குழுமங்கள் இறங்கின. சீருடைக்குப் பதில் கோடு போட்ட கம்பளி ஜெலாபா, அதாவது தலைமூடியோடு கூடிய நீள அங்கி. காலில் பல சமயம் செருப்பு. இடுப்பில் நீளக் கத்தி. ஒரு கூமில் பிரெஞ்சு அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். மலையேற்றத்தில் இது குறையாகத் தெரியவில்லை. ஊருக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது.

எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்களா?

அல்ஜீரிய முஸ்லிம்களுக்கு 1912 முதலே கட்டாய ராணுவ சேவை இருந்தது, துனீசியாவிலும் உண்டு. மொராக்கோவில் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுத்தார்கள். ஆனால் ஊர்த் தலைவரான காயிதுக்கு இத்தனை பேரை அனுப்பு என்று மேலிருந்து சொல் வரும். பஞ்சம் பிடித்த மலையூரில் சம்பளம் என்ற சொல்லே பாதிக் கட்டாயம். சேர்ந்தவர்களில் பின்னாளில் பிரான்சை எதிர்த்தவர்களும் உண்டு: அல்ஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர் அகமது பென் பெல்லா இந்தப் படையில் மொராக்கோ தீராய்யர் ரெஜிமென்ட் ஒன்றில் இத்தாலியில் போரிட்டுப் பதக்கம் பெற்றவர்.

ஏன் மலை வழியாகவே போனார்கள்?

ரோமுக்குத் தெற்கே ஜெர்மானியர் கட்டிய குஸ்தாவ் கோடு கரில்யானோ ஆற்றையும் கசீனோ மலையையும் ஒட்டி ஓடியது. ரோமுக்குப் போகும் அகலமான வழி லீரி பள்ளத்தாக்கு. அதன் வாசலில் கசீனோ. 1944 ஜனவரியிலிருந்து மார்ச் வரை நேச நாடுகள் அந்த வாசலையே திரும்பத் திரும்ப முட்டின. பிப்ரவரி 15-ல் கசீனோ மலையுச்சியிலிருந்த மடாலயத்தைக் குண்டு போட்டுத் தகர்த்தும் பயனில்லை. இடிபாடு ஜெர்மானியருக்கு இன்னும் நல்ல அரணாகிவிட்டது.

பள்ளத்தாக்குக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது அவுருஞ்சி மலைத்தொகுதி. உச்சி பெத்ரெல்லா, 1,533 மீட்டர். உயரத்தைவிட அதன் பாறைதான் சிக்கல். முழுக்கச் சுண்ணாம்புக் கல்: பெய்த மழை நிலத்துக்குள் இறங்கிவிடும், மேலே ஓடைகள் இல்லை, வண்டிப் பாதையும் இல்லை. பெரும்படை இதைக் கடக்க முடியாது என்று ஜெர்மானியர் கணக்குப் போட்டு, ஆளைக் குறைவாக நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரல் 4 அன்று ஜுவேன் தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரல் கிளார்க்குக்கு எழுதிய குறிப்பின் சாரம் இதுதான்: எதிரி காவலே வைக்காத மலைமேல் ஏறி, பீக்கோ ஊர் வரை போய், பள்ளத்தாக்கைப் பின்பக்கமிருந்து திறப்போம்.

அதற்கு முன் பெல்வெதேரேயில் நடந்தது என்ன?

ஜனவரி 25 அன்று கசீனோவுக்கு வடக்கே பெல்வெதேரே குன்றைப் பிடிக்க 3-வது அல்ஜீரிய டிவிஷனின் 4-வது துனீசியத் தீராய்யர் ரெஜிமென்ட் ஏறியது. எதிரியின் கண்ணில் படாமலிருக்க ஒரு பட்டாலியன் செங்குத்தான ஓடைப் பிளவு ஒன்றுக்குள் ஊர்ந்தே மேலேறியது. குன்றைப் பிடித்தார்கள். பிடித்த பின்தான் துன்பம்: கீழே இருந்து உணவும் தண்ணீரும் தோட்டாவும் வந்து சேரவில்லை, எதிர்த்தாக்குதல் நாள்கணக்கில் நிற்கவில்லை. ரெஜிமென்ட் தளபதி ரூ கொல்லப்பட்டார். ரெஜிமென்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. அப்படிப் பிடித்த குன்றை வைத்துக்கொண்டு முன்னேற மேலிடத்திடம் கூடுதல் படை இல்லை. மே மாதத் திட்டத்தில் ஜுவேன் பொதி விலங்கு எண்ணிக்கையில் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இந்தக் குன்றுதான் என்று கொள்ளலாம்.

மே 1944 தாக்குதல் நாள்வாரியாக எப்படிப் போனது?

மே 11, இரவு 11 மணி: முன்னணி முழுவதும் பீரங்கி. பிரெஞ்சுப் படை கரில்யானோவின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டது. அந்தக் கரையை ஜனவரியில் பிரிட்டிஷார் பிடித்துக் கொடுத்திருந்தார்கள்.

முதல் இரவு பாதித் தோல்வி. ஃபைதோ மலை மட்டும் கைக்கு வந்தது. பக்கத்துக் குன்றுகளில் தீப்பீச்சுக் கருவிகளும் பதுங்குகுழிகளும் மொராக்கோ டிவிஷனைக் கிழித்தன. ஜுவேன் தானே முன்னணிக்கு ஏறிப்போய்ப் பார்த்து, பீரங்கிகளை ஒரே இடத்தில் குவித்து மறுநாள் மறுபடி தாக்கச் சொன்னார். 12-ல் காஸ்தெல்ஃபோர்தே விழுந்தது. 13-ல் மாயோ மலை. உச்சியில் ஏற்றிய பெரிய பிரெஞ்சு மூவர்ணக் கொடி எட்ட இருந்த இரு தரப்புக்கும் தெரிந்தது. ஜெர்மன் 71-வது டிவிஷன் உடைந்தது.

அதன்பின் 4-வது மலை டிவிஷனும் கூம்களும் சேர்ந்த மலைப் படை அவுருஞ்சிக்குள் நுழைந்தது. 15-ல் பெத்ரெல்லா, 16-ல் ரெவோலே. ரெவோலேயில் ஜெர்மன் பட்டாலியன் ஒன்று முன்காவல்கூட இல்லாமல் ஏறி வந்து கூமியேக்களிடம் சிக்கியது. அந்த உயரத்தில் எதிரி இருப்பான் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. 17-ல் 3-வது அல்ஜீரிய டிவிஷன் எஸ்பேரியாவுக்குள் போனது. 18-ல் கசீனோ மடாலயத்தில், நேச நாடுகள் பக்கம் போரிட்ட போலந்துப் படையின் கொடி ஏறியது. 22-ல் பீக்கோ. ஜூன் 4-ல் அமெரிக்கர் ரோமுக்குள் நுழைந்தார்கள்.

ஜெர்மன் பக்கம் அதிர்ஷ்டமும் இல்லை. தாக்குதல் தொடங்கிய இரவில் 10-வது ராணுவத் தளபதி ஃபீட்டிங்ஹோஃபும், அந்தப் பகுதியின் கோருக்கு (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதியான செங்கரும் ஜெர்மனியில் இருந்தார்கள். இத்தாலியிலிருந்த ஜெர்மன் படைகளின் தலைமைத் தளபதி கெஸ்ஸல்ரிங் கடல்வழித் தரையிறக்கத்துக்குப் பயந்து கையிருப்புப் படையை நகர்த்தத் தாமதித்தார்.

கோவேறு கழுதைகள் இல்லாமல் முடிந்திருக்காதா?

முடிந்திருக்காது. கணக்குப் போட்டால் தெரியும். ஒரு தாபோரில் 900 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உணவு, இரண்டு லிட்டர் தண்ணீர். ஆக 2,700 கிலோ. கரடுமுரடான ஏற்றத்தில் ஒரு கோவேறு கழுதை தாங்கும் பொதி சுமார் 100 கிலோ. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் 27 விலங்குகள். ஏறி இறங்கிவர ஒரு நாளுக்கு மேல் ஆனால் 54. இன்னும் ஒரு தோட்டாகூட ஏற்றவில்லை. விலங்குக்கும் வயிறு உண்டு: தானியமும் வைக்கோலும் ஐந்து கிலோவுக்கு மேல், தண்ணீர் குறைந்தது 20 லிட்டர். சுண்ணாம்பு மலையில் அந்தத் தண்ணீர் கிராமத்துத் தொட்டிகளில் மட்டுமே கிடைக்கும். படைக்கும் ஊருக்கும் முதல் உரசல் பல இடங்களில் அந்தத் தொட்டியருகே வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

75 மி.மீ. மலைப் பீரங்கி அரை டன்னுக்கு மேல் எடை. அதைக் கழற்றி ஆறு விலங்குகளில் ஏற்றுவார்கள். குழல் ஏற்றிய விலங்கு சறுக்கி விழுந்தால் மற்ற ஐந்தும் வந்து சேர்ந்து பயனில்லை. குண்டுகளோ ஒரு விலங்குக்குப் பத்துப் பன்னிரண்டுதான். அரை மணி நேரச் சண்டைக்கு ஒரு வரிசையே வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும்? பொதி இருபுறமும் ஒரே எடையாக இல்லாவிட்டால் சேணம் உருண்டு முதுகு புண்ணாகும். மறுநாள் அந்த விலங்கு வேலைக்கு ஆகாது. கூர்மையான பாறையில் லாடம் கழன்றால் நொண்டும். ஒற்றையடிப் பாதையில் ஒன்று படுத்துவிட்டால் பின்னால் வருவது மொத்தமும் நின்றுபோகும், விடியும்போது எதிரிப் பீரங்கியின் கண்ணில் படும். படை வேகமாக முன்னேற முன்னேற இந்தச் சங்கிலி நீண்டு அறுந்தது. ரெவோலே பக்கம் எட்டிய பிரிவுகளுக்கு விமானத்திலிருந்து பொருள் போட வேண்டியதாயிற்று.

காயம்பட்டவர் இறங்குவது இதைவிடக் கொடுமை. உட்கார முடிந்தவரைக் கோவேறு கழுதையின் இருபக்கமும் தொங்கும் இருக்கைகளில் இரண்டிரண்டு பேராக ஏற்றுவார்கள். படுத்தே இருப்பவருக்குத் தூக்குப் படுக்கை: நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றுக்கு. ஒருவரை இறக்க எட்டு பேர் பல மணி நேரம்.

போர் வந்தபோது கிராம மக்கள் எங்கே இருந்தார்கள்?

பெரும்பாலும் வீட்டில் இல்லை. 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தார்கள். முன்னணியை ஒட்டிய ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள், வேலைக்கு ஆண்களை வளைத்துப் பிடித்தார்கள். எட்டு மாதம் மக்கள் குகைகளிலும் வைக்கோல் கூரைக் குடிசைகளிலும் ஆட்டுக்கொட்டில்களிலும் கிடந்தார்கள். ஆண்கள் இன்னும் மேலே ஒளிந்தார்கள். கசீனோவிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஓடிவந்த அகதிகள் வேறு. ஆடுமாடு, மாவு எல்லாம் ஜெர்மானியர் எடுத்தது போக மிச்சம். 1943 டிசம்பர் 28-ல் வல்லெரோதொண்டா அருகே கொல்லேலுங்கோவில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 40-க்கும் மேற்பட்டோரை ஜெர்மன் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். நேச நாட்டு விமானங்களோ குறுக்குச் சாலை இருந்த ஊரையெல்லாம் இடித்தன.

ஆகவே மே மாத நடுவில் ஜெர்மானியர் பின்வாங்கியதும் மக்கள் இறங்கி வந்தார்கள். எதிரே வருபவர் தலையில் அமெரிக்க ஹெல்மெட். அமெரிக்கர் வந்துவிட்டார்கள் என்றே பலர் நம்பினார்கள்.

‘மரோக்கினாத்தே’ என்பது என்ன?

மொராக்கோக்காரரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1944 மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, இந்தப் படை கடந்த வழியில் நடந்த கூட்டு வன்புணர்வு, கொலை, கொள்ளைக்கு, ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள சொச்சாரியா பகுதி மக்கள் வைத்த பெயர். அவுசோனியா, எஸ்பேரியா, பீக்கோ, லெனோலா, வல்லெகோர்சா, காஸ்த்ரோ தெய் வோல்ஷி, செக்கானோ என ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் படையின் பாதையே வரைபடமாக வந்துவிடும். சிறுமிகளும் மூதாட்டிகளும் தப்பவில்லை. குறுக்கே நின்ற கணவர்களும் தந்தையரும் கொல்லப்பட்டார்கள். ஆண்கள், சிறுவர்கள் மீதும் பாலியல் வன்முறை நடந்தது. எட்டு மாதம் குண்டிலிருந்து காத்த ஒதுக்குப்புறமே இப்போது பொறியானது: தனிக் குடிசையில் கூச்சலிட்டால் கேட்க யாருமில்லை.

பெயர் ஒன்றை மறைக்கிறது. மொராக்கோ கூமியேக்கள்மீதுதான் பெரும்பாலான புகார்கள். ஆனால் மற்ற வட ஆப்பிரிக்கப் பிரிவுகள் மீதும், ஐரோப்பியச் சிப்பாய்கள் மீதும் புகார்கள் உண்டு. ஊர்மக்கள் கண்ணுக்குப் பழுப்பு நிறத்தவர் எல்லோரும் ‘மரோக்கினோ’. அந்த ஒரு சொல் கட்டளையிட்டவர்களைக் காட்சியிலிருந்தே நீக்கிவிட்டது என்பதுதான் பெரிய குறை.

எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள்?

உங்கள் கண்ணில் படும் எண்கள் 2,000 முதல் 60,000 வரை இருக்கும். 60,000 என்பது 1952 ஏப்ரலில் இத்தாலிய நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் மரியா மத்தலேனா ரோஸ்ஸி இந்தப் பெண்களின் ஓய்வூதியக் கோரிக்கையை எழுப்பிய விவாதத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இந்த ஊர்களில் பெரும்பாலானவை இருக்கும் ஃப்ரொசினோனே மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது நாலரை லட்சத்தை ஒட்டித்தான். அங்கிருந்த பெண்களில் கால்பங்குக்கும் மேல் என்றாகிவிடும். படை கடந்ததோ மாகாணத்தின் ஒரு பகுதியை. அந்த எண் அப்படியே நிற்காது.

கீழ் எண்ணும் நம்பத்தக்கதல்ல. அது புகார் கொடுத்தவர்களின் கணக்கு. புகார் கொடுத்தால் ஊருக்குத் தெரியும்; ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது, நடந்த கல்யாணம் நிற்காது. வாய் திறக்காதவர் எத்தனை பேர் என்பதற்கு ஏடு இல்லை. மறுபுறம், இழப்பீட்டு விண்ணப்பங்களில் கொள்ளை, கொலை, வன்புணர்வு எல்லாம் ஒரே கட்டில் கலந்திருப்பதும் உண்டு. ஒரு ஊரைப் பிடித்துப் பார்ப்பதே மேல்: எஸ்பேரியாவின் மேயர் 2,500 பேர் இருந்த ஊரில் 700 பெண்கள் என்று சொன்னார். அதைப் பாதியாக்கிக் கொண்டாலும் ஊரில் அது நுழையாத தெரு இருந்திருக்காது. பல ஆயிரம் என்பதில் ஐயமில்லை. அதற்கு மேல் துல்லியமாகச் சொல்பவரிடம் எதை எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

“50 மணி நேரம் எதையும் செய்யலாம்” என்று ஜுவேன் அனுமதி கொடுத்தாராமே?

அப்படி ஒரு துண்டறிக்கையின் வாசகம் பல பதிப்புகளில் சுற்றுகிறது. மூல ஆவணம் இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை. உண்மைத் தன்மையை வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இருப்பது மே 24 தேதியிட்ட ஜுவேனின் சுற்றறிக்கை: பிரான்சுக்குத் துரோகம் செய்த நாடு என்ற உணர்வு இருந்தாலும் கண்ணியம் காக்க வேண்டும், தவறினால் தண்டனை என்ற பொருளில்.

இதைக் காட்டி அவரை விடுவிக்க முடியாது. எஸ்பேரியா விழுந்து ஏழு நாள் கழித்து வந்த காகிதம் அது. அதற்குள் படை பல ஊர்களைக் கடந்துவிட்டது. எழுத்தில் அனுமதி இல்லை என்பதும், தடுக்கப் போதிய முயற்சி இல்லை என்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

பிறகு ஏன் இந்த அளவுக்கு நடந்தது?

‘காட்டுமிராண்டிகள், அப்படித்தான்’ என்ற பதில் அன்றைய அதிகாரிகளே சொன்னது. அவர்களுக்கு அது வசதியான பதில்.

கூம் என்ற அமைப்பே காலனிய ‘அமைதிப்படுத்தலுக்காக’ உண்டானது. பணியாத கிராமத்தைக் கொள்ளையிட விடுவது அங்கே கூலியின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தை அட்லஸிலிருந்து அவுருஞ்சிக்குக் கூட்டிவந்தவர்கள் சிப்பாய்கள் அல்ல. 1940 ஜூனில், பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், முசோலினி போர் தொடுத்து முதுகில் குத்தியதற்குப் பழி என்ற பேச்சு அதிகாரிகள் மத்தியில் ஊறியிருந்தது. இத்தாலியக் கிராமத்தாரை விடுவிக்கப்பட்டவர் என்றல்லாமல் தோற்ற எதிரியாகவே பார்த்தார்கள். ஊருக்குள் சிறு சிறு கூட்டமாக இரவில் சிதறும் 200 பேரைப் பிடிக்க ஒரு கூமில் அதிகாரிகள் போதவில்லை. இருந்தவர்களில் பலர் முதல் வாரத்திலேயே செத்தோ காயப்பட்டோ போயிருந்தார்கள். ராணுவக் காவலர் சாலையில் நின்றார்கள். படை சாலையில் போகவில்லை. இவற்றுக்கு மேல், வெற்றி வந்துகொண்டிருந்தது. பாதி உலகம் பாராட்டும் தாக்குதலின் நடுவில் அதைச் செய்யும் படையை நிறுத்திவைக்க எந்தத் தளபதிக்கும் மனம் வரவில்லை.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

கையும் களவுமாகப் பிடிபட்ட சிலர் சுடப்பட்டார்கள். ராணுவ நீதிமன்றங்களுக்குப் போனவர்கள் சில நூறு பேர். பெரும்பாலும் கடைநிலைச் சிப்பாய்கள். உயர்மட்டத்தில் யாரும் இல்லை. ஜுவேன் 1952-ல் மார்ஷல் ஆனார். பலர் தண்டிக்கப்படாததற்கு அடையாளம் காட்டுவது நடைமுறையில் முடியாததும் காரணம்: பெண்ணுக்குச் சிப்பாயின் மொழி தெரியாது, பிரிவு எண் தெரியாது, விசாரிக்க ஆள் வரும்போது அந்தத் தாபோர் மூன்று மலை தாண்டியிருக்கும்.

வத்திக்கான் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. ஜூன் 17-ல் எல்பா தீவில் இறங்கிய வேறொரு பிரெஞ்சுக் காலனியப் படையிடமும் இதே கதை தொடர்ந்தது. பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

பெண்களுக்கு இழப்பீடு?

முதலில் பிரெஞ்சுத் தரப்பு விண்ணப்பங்களை வாங்கிச் சிறு தொகைகள் கொடுத்தது. 1947 சமாதான ஒப்பந்தத்தில் நேச நாடுகள் மீதான கோரிக்கைகளை இத்தாலி விட்டுக்கொடுத்ததால் சுமை இத்தாலிய அரசின் தலையில் விழுந்தது. 1950-ன் போர் ஓய்வூதியச் சட்டப்படி, உடலில் நிலையான பாதிப்பு இருப்பதை மருத்துவக் குழு முன் காட்ட வேண்டும். காட்ட முடியாத காயத்துக்கு வழியில்லை. 1987-ல்தான் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் (தீர்ப்பு எண் 561) பணத்தால் அளக்க முடியாத பாதிப்புக்கும் ஈடு உண்டு என்றது. அன்று இருபது வயதுப் பெண்ணாக இருந்தவருக்கு அப்போது 63.

சிப்பாய்களுக்குப் பிரான்ஸ் என்ன செய்தது?

இத்தாலியில் இந்தப் படையில் இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். காயம்பட்டவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். உயிரோடு திரும்பியவர்களின் ஓய்வூதியத்தை 1959 டிசம்பர் நிதிச் சட்டம் ‘உறைய’ வைத்தது: காலனி விடுதலையடைந்ததும் தொகை அப்படியே நின்றுவிடும், விலைவாசி ஏறினாலும் ஏறாது. பக்கத்துப் பதுங்குகுழியில் கிடந்த பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்கே மொராக்கோக்காரருக்குக் கிடைத்தது. 2007 முதல் ஒரு பகுதி சரிசெய்யப்பட்டது. 2010 மே 28-ல் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் அந்த வேறுபாட்டைச் செல்லாது என்றது.

தமிழர்களுக்கு இதில் தொடர்பு உண்டா?

அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, 1940 செப்டம்பரில் ஜெர்மனிக்கு எதிராகப் போரைத் தொடர்ந்த சுதந்திர பிரெஞ்சுத் தலைவர் தெகோல் பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் ‘சொல்தா’ என்று அங்கே இன்றும் சொல்வார்கள். ஆனால் இத்தாலிய முன்னணியில் தமிழரைத் தேடினால் பிரிட்டிஷ் இந்தியப் படையில்தான் நிச்சயமாகக் கிடைப்பார்கள்: மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். பிரிட்டனின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். பிரெஞ்சுக் கல்லறை இருக்கும் வெனாஃப்ரோவிலிருந்து மின்யானோ அதிக தூரமில்லை.

குறிப்பிட்ட சிப்பாயையோ கிராமத்தையோ பற்றித் தேட வேண்டும். எங்கே தொடங்குவது?

இறந்த சிப்பாய் என்றால் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தெஸ் ஓம்’ இணையதளம். பெயரில்தான் சிக்கல். பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. ‘இன்னார் பென் இன்னார்’ என்றே பதிவு, ‘பென்’ என்றால் மகன். அதே பெயர் எழுத்தருக்கு எழுத்தர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும்: மொஹமெத், மொஹா, முஹம்மத் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிறந்த தேதிக்குப் பதில் ‘சுமார் 1918’ என்று இருப்பது சாதாரணம். படைப் பதிவேடுகள் பாரிசை ஒட்டிய வென்சென் கோட்டையில், ராணுவ வரலாற்றுத் துறையில்.

கிராமங்கள் என்றால் மாகாண எல்லையைக் கவனியுங்கள். எஸ்பேரியா, பீக்கோ, அவுசோனியா ஃப்ரொசினோனே மாகாணத்தில். காஸ்தெல்ஃபோர்தே, லெனோலா, ஸ்பின்யோ லத்தீனா மாகாணத்தில். லத்தீனாவுக்கு அன்றைய பெயர் லித்தோரியா. பழைய காகிதங்களில் அப்படித் தேடினால்தான் கிடைக்கும். மத்திய அரசின் கடிதங்கள் ரோமில் மத்திய அரசு ஆவணக் காப்பகத்தில். ஊர்ச் சர்ச்சுகளின் இறப்புப் பதிவேடு தனி. சாவின் காரணத்தை அங்கே மழுப்பி எழுதியிருப்பார்கள்.

இன்று நேரில் போனால் என்ன இருக்கிறது?

வெனாஃப்ரோவில் பிரெஞ்சு ராணுவக் கல்லறை: 4,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். சிலுவைகளுக்குப் பக்கத்தில் பிறை பொறித்த நடுகற்கள். இன்னொன்று ரோமில், மோந்தே மாரியோ குன்றில். அங்கே சுமார் 1,900. அவுருஞ்சி இப்போது மாநில இயற்கைப் பூங்கா. பெத்ரெல்லா ஏற நடைபாதை உண்டு. கோடையில் தண்ணீரைக் கீழிருந்தே எடுத்துப் போங்கள், மேலே இன்றும் இல்லை. பாறை இடுக்கில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் 112-க்குச் சொல்லுங்கள்.

காஸ்த்ரோ தெய் வோல்ஷியில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி 1964-ல் நிறுவிய சிலை ஒன்று இருக்கிறது: மகளைக் காக்கும் சொச்சாரியத் தாய். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துப் பாரிசில் சேன் ஆற்றின்மேல் திறந்த பாலத்துக்குக் கரில்யானோ என்று பெயர். அந்தச் சிலைக்குப் போக வேண்டுமானால் ஊரின் மேல்பகுதிவரை நடக்க வேண்டும். பாலத்தின் முனைவரை டிராம் வருகிறது.